ஏழு நிமிடத்துக்கு ஒரு தலைப்பு

ஒருவரைப் பேச வைப்பது சுலபம். எதைப் பற்றிப் பேசுவது என்று அவரை முடிவு செய்ய வைப்பதற்குள்தான் இந்தத் தொழிலில் நமக்கு உயிர் போகும்.

நான் ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்பில் பாதி வாழ்நாளைச் செய்தி மேசையில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன். வீட்டில் பேப்பரில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டு சும்மா இருந்தவனை, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பயிற்சி நிலையம் நடத்தும் சந்திரா மேடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் நாங்கள். வருகிறவர்கள் யாரும் மாணவர்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், மைக்கைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறவர்கள்.

வகுப்பின் கடைசி ஞாயிறு ஒவ்வொருவரும் குடும்பத்தார் முன்னால் ஏழு நிமிடம் பேச வேண்டும். தகவல் சொல்லும் பேச்சு. புத்தி சொல்லக் கூடாது, ஓட்டுக் கேட்கக் கூடாது, எதையும் விற்கக் கூடாது. கேட்பவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆபீசில் யாராவது வந்து 'நாளைக்கு நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க' என்று சொல்லிவிட்டுப் போக, அன்றிரவு தூக்கம் தொலைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நாம் எல்லாரும் ஒரே சாதிதான். போன வருடம் வந்த ஒரு குழுவிடம் நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வாழ்க்கை, சுருக்கமாக

முதல் நாள் தலைப்புக் கேட்டால் யாரும் சின்னதாகச் சொல்வதில்லை. உலக அமைதி என்பார்கள், தண்ணீர் என்பார்கள். இந்தக் குழுவில் சிக்கந்தர் பாய் என்று இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர். ஆளைப் பார்த்த இரண்டாவது நிமிடத்தில் அவருடைய ரத்த அழுத்தம் வரை கேட்டுத் தெரிந்துகொள்கிற கெட்டிக்காரர். அவர் கொடுத்த தலைப்பு 'மனித வாழ்க்கை'.

இது பெரிதாக இருக்கிறதே பாய், ஏதாவது ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். பேப்பரில் முழு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு செய்தி வராது, ஒரு தெருவில் ஒரு குழாய் உடைந்தால்தான் செய்தி என்று விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் வந்து புதுத் தலைப்பு சொன்னார்: 'மனித வாழ்க்கை, ஒரு சுருக்கமான பார்வை'. இதை ஏழு நிமிடத்தில் எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"முடிச்சிரலாம் சார். அம்புட்டுக்கு என்ன இருக்கு அதுல?"

நடுவர் அவர்களே

கவிதா மேலூர்ப் பெண்மணி, ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பிள்ளைகள், இடுப்பு ஒடிய வேலை, அதற்கு நடுவிலும் ஒரு ஞாயிறுகூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. அவர் கொண்டுவந்த தலைப்பைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வது எப்படி. சின்னத் தலைப்பு, அவருக்குத் தெரிந்த தலைப்பு, கேட்பவர் வீட்டில் யாராவது ஒருவருக்குத் தேவைப்படும் தலைப்பு. இதைவிட என்ன வேண்டும்?

ஒத்திகைக்கு எழுந்தவர் முந்தானையைச் செருகிக்கொண்டு 'நடுவர் அவர்களே' என்று ஆரம்பித்தார். இந்தப் பக்கத்தில் எந்த ஊர்த் திருவிழாவாக இருந்தாலும் ஒரு ராத்திரி பட்டிமன்றம் உண்டு. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மேடை என்றாலே இந்தப் பக்கம் ஓர் அணி, அந்தப் பக்கம் ஓர் அணி, நடுவில் ஒரு நடுவர். தலைப்பு அவர் வாயிலேயே 'சக்கரைக்குச் சிறந்தது ஊசியா, மாத்திரையா' என்று மாறிவிட்டது. உட்கார்ந்திருந்தவர்களும் தானாக இரண்டாகப் பிரிந்தார்கள். சிக்கந்தர் பாய் மாத்திரை அணிக்குத் தலைமை தாங்கித் தன் மச்சானைச் சாட்சிக்கு இழுத்தார். கடைசியில் அத்தனை பேரும் தீர்ப்புக்காக என் முகத்தைப் பார்த்தார்கள்.

இதற்குத் தீர்ப்பே கிடையாது, மருந்தை எங்கே பத்திரப்படுத்த வேண்டும், ஊசியை எந்த இடத்தில் போட வேண்டும், அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள் என்றேன். கவிதாவின் முகம் விழுந்துவிட்டது.

"யாரும் ஜெயிக்கலைன்னா எப்ப சார் கைதட்டுவாங்க?"

ஓசூரிலிருந்து ஒரு போன்

அந்தக் குழுவில் பேசாதவர் ஒருவர் இருந்தார். ராஜேந்திரன், வாடிப்பட்டியில் ஹார்டுவேர் கடை, அறுபதைத் தொட்டிருந்தார். முதல் நாள் எழுந்து பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமும் அதே பெயர், அதே ஊர். தலைப்பு என்று கேட்டால் 'பாப்போம் சார்' என்பார். கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைத் தலை சாய்த்துக் கேட்பார். கேட்பதில் அவர் கெட்டிக்காரர் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அவரைச் சேர்த்துவிட்டது அவருடைய மகள் அனிதா. ஓசூரில் கணவன் வீட்டில் இருக்கும் அந்தப் பெண் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, அப்பா வாடிப்பட்டி வீட்டில் தனியாக இருக்கிறார், தன்னோடு வரச் சொன்னால் வர மாட்டேன் என்கிறார் என்றார். சாப்பிட்டாரா, தூங்கினாரா, என்ன சமைத்தார், ஒன்றும் தெரியவில்லை. அதனால் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். மூன்று மாதம் பேச்சு வகுப்புக்குப் போக வேண்டும். கடைசி ஞாயிறு அனிதாவே நேரில் வந்து பார்ப்பார். அவரால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று அன்று தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு கிளம்பிவிட வேண்டும். அதற்கு அப்பா ஒப்புக்கொண்டாரா என்று கேட்டேன். தலையாட்டினார் என்று நினைக்கிறேன், போனில் தெரியவில்லை என்றார்.

என்ன மாதிரித் தலைப்பு கொடுக்கட்டும் என்று கேட்டேன்.

"எதப் பத்தி வேணும்னாலும் பேசட்டும் சார். 'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை வந்தாப் போதும்."

அரை இஞ்சு, முக்கால் இஞ்சு

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் சொல்லும் ஓர் ஆலோசனை உண்டு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்பதுதான் அது. ராஜேந்திரனுக்கும் அதையே சொன்னேன். காலம் முழுக்கக் குழாயும் பூட்டும் விற்றவர், அதில் ஏழு நிமிடம் தேறாதா?

தேறவில்லை. எழுந்து நின்று, பைப்பில் அரை இஞ்சு இருக்கிறது, முக்கால் இஞ்சு இருக்கிறது, ஒரு இஞ்சும் இருக்கிறது என்றார். அரை இஞ்சு எங்கே போடுவார்கள், முக்கால் எங்கே போடுவார்கள் என்பதையும் சொன்னார். ஒரு தப்பும் இல்லை. பேசிய அவருக்கே கேட்கப் பிடிக்கவில்லை என்பதுதான் சங்கடம். கவிதா மின்விசிறியைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கடையில் இதே விவரத்தைக் கேட்டு வருகிறவனுக்குச் சொல்லும்போது வருகிற உயிர் இங்கே வரவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் போதாது, சொல்லியே தீர வேண்டும் என்று உள்ளே ஏதாவது முட்ட வேண்டும். அதை எந்த ஆலோசனையாலும் கொண்டுவர முடியாது.

அவர் உட்கார்ந்ததும் சிக்கந்தர் பாய் திரும்பி அவர் தொடையில் தட்டினார்.

"பைப்பெல்லாம் நல்லா இழுத்துட்டீங்கண்ணே. இன்னும் தண்ணிதான் வரல."

வெடிக்காத கடுகு

இடைவேளையில் கீழேயிருந்து டீ வரும். கூடவே அவரவர் கொண்டுவந்ததைப் பங்கு போட்டுக்கொள்வோம். கவிதா சீடை கொண்டுவருவார், பாய் வீட்டிலிருந்து சமோசா வரும். இத்தனை வாரம் மற்றவர்களுடையதைத் தின்றுகொண்டிருந்த ராஜேந்திரன் ஒருநாள் தானும் ஒரு டிபன் பாக்சைத் திறந்து வைத்தார். எலுமிச்சம்பழச் சாதம். மஞ்சள் அளவாக இருந்தது, புளிப்பும் சரி. மென்றால் மட்டும் பல்லில் மணல் மாதிரி நெறுநெறுத்தது. நான் மரியாதைக்கு விழுங்கிவிட்டேன். கவிதா நர்ஸ், விட மாட்டார். பருக்கையில் ஒட்டியிருந்த ஒரு மணியை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

கடுகு போட்டீர்களா அண்ணே என்று கேட்டார். போட்டேன், ஆனால் வெடிக்கவே இல்லை, வெடிக்கும் வெடிக்கும் என்று கரண்டியோடு நின்றதுதான் மிச்சம் என்றார் அவர். இது கேப்பை, கேழ்வரகு அண்ணே, கேப்பையை எத்தனை நேரம் தாளித்தாலும் வெடிக்காது என்றார் கவிதா. பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. சமோசா புரையேறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ராஜேந்திரன் பேசிக்கொண்டிருந்தார்.

நிறுத்தாமல் பேசினார். மனைவி சரோஜா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த டப்பா வரிசை ஒன்று இருக்கிறதாம், டீ, காபி, சுகர், ஸால்ட் என்று மேலே அச்சடித்தது. டீ டப்பாவில் உளுந்து இருக்கிறது. காபி டப்பாவில் கடலைப்பருப்பு. ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் மஞ்சள்தூள். பிஸ்கட் டப்பாவில் மிளகாய் வத்தல், அது தெரியாமல் முகர்ந்து பார்த்து அரை நாள் தும்மியிருக்கிறார். தினமும் ஒன்றைத் திறந்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். கடையில் எந்த ஆணி எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவருக்கு, சொந்த அடுப்படி வெளியூராக இருந்தது. டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

"ஒரு டப்பாவுலயும் மேல எழுதியிருக்கிறது உள்ள இல்ல சார். எல்லாம் சரோஜா தலைக்குள்ள இருந்திருக்கு."

எந்த வீட்டுக்குப் போறது?

உங்கள் தலைப்பு இதுதான் என்று அப்போதே சொன்னேன். நல்ல செய்தி மேசைக்கு வந்தால் கையில் பிடிபடும், அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றாலும் போகாது. அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவருக்கும் தன் வீட்டில் பெருங்காயம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நானும் அதில் சேர்த்தி. கேட்பவருக்குத் தெரியாத ஒன்று, அவருக்கு வேண்டிய ஒன்று, பேசுகிறவர் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒன்று. மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

அவர் முகம் மறுபடி சாத்திக்கொண்டது. அடுப்படிச் சமாச்சாரத்தை எப்படி மேடையில் பேசுவது, சிரிப்பார்கள் என்றார். சிரிப்பது நல்லதுதானே என்றேன். வேண்டாம் சார், பூட்டு வகைகள் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் பின்னாலேயே போனேன். ஜெராக்ஸ் கடை வாசலில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். கடைசி நாள் அனிதா வந்து முன்னால் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் இதுவரை மகளிடம் 'ம்' கொட்டியிருக்கிறார். கேப்பையைத் தாளித்த கதையை மேடையில் சொன்னால் அவரே தன் வாயால் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பேச்சைத்தான் நான் திருத்த முடியும். ஒரு மனிதர் எங்கே குடியிருப்பார் என்பது என் மேசைக்கு வரும் விஷயம் அல்ல. நிகழ்ச்சி நிரலில் பூட்டு வகைகள் என்றே போட்டுக்கொடுத்தேன்.

"நல்ல தலைப்புதான் சார், நான் இல்லைங்கல. அதப் பேசிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?"

பையும் மகளும்

கடைசி ஞாயிறு மாடி நிறைந்துவிட்டது. கவிதாவின் பிள்ளைகள் முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். பாய் வாழ்க்கையைக் கைவிட்டுவிட்டு, பிரியாணிக்கு அரிசி ஊறவைப்பது என்ற தலைப்புக்கு இறங்கி வந்திருந்தார். ஊறவைத்த அனுபவம் அவருக்கு உண்டா என்று பக்கத்தில் இருந்த அவருடைய மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

ராஜேந்திரன் வெளுத்த சட்டையில், காலடியில் ஒரு பெரிய கட்டைப்பையோடு உட்கார்ந்திருந்தார். பையை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கி வைத்திருந்தார். என்ன பை என்று சந்திரா மேடம் கேட்டதற்கு, எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். அனிதா பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தார். அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு, இரண்டு நாற்காலி தள்ளி நின்றிருந்த என்னிடம் வந்தார். அப்பா வீட்டில் சமைக்கிறாரா, இல்லை ஹோட்டலில் சாப்பிடுகிறாரா, உங்களுக்காவது தெரியுமா சார் என்று கேட்டார். அதை நான் சொல்லக் கூடாதம்மா என்றேன். அதற்கு அந்தப் பெண் சொன்னது, இரண்டு நாற்காலி தள்ளியிருந்த அப்பாவுக்கும் நன்றாகவே கேட்டிருக்கும்.

"கஷ்டப்பட்டாலும் பரவால்ல சார், என்னன்னு தெரிஞ்சா நான் தூங்கிருவேன். ஒண்ணும் தெரியாமத்தான் பயமா இருக்கு."

ராஜேந்திரன் பேசியது

அவர் முறை வந்தது. சந்திரா மேடம் 'பூட்டு வகைகள்' என்று அறிவித்தார். ராஜேந்திரன் பையைத் தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தலைப்பை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, டீ என்று எழுதியிருந்ததைக் காட்டி இதில் என்ன இருக்கும் என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவர் டீத்தூள் என்றார். திறந்து உளுந்தைக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த அறை அவர் கையில் இருந்தது. கடுகுக்கும் கேப்பைக்கும் வித்தியாசம் பார்ப்பது எப்படி, சீரகத்தையும் சோம்பையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பது எப்படி, எல்லாம் சொன்னார். கேப்பை தாளித்த கதையை ஒளிக்காமல் சொன்னார். மாடியே சிரித்தது, அனிதாவைத் தவிர.

இது தப்பாக அடுக்கியது என்றுதான் முதலில் நினைத்தாராம். போகப்போகத்தான் அது சரோஜாவின் வரிசை என்று புரிந்ததாம். காலையில் வேண்டியது இடது கைப் பக்கம், மத்தியானத்துக்கானது வலது பக்கம், திருநாளுக்கு மட்டும் எடுப்பது மேலே பின்னால். கடைசியாக ஸால்ட் என்ற டப்பாவை எடுத்துத் திறந்து சாய்த்துக் காட்டினார். உள்ளே சீனி. தனக்குச் சக்கரை வந்த வருடத்திலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது, உப்பு டப்பா பக்கம் தன் கை போகாது என்று அவளுக்குத் தெரியும் என்றார். இன்றைக்கு வீட்டுக்குப் போய் எது எதில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள் என்று முடித்தார். புத்தி சொல்லக் கூடாது என்பது விதி. மீறினால் மணியடித்து நிறுத்துவது என் வேலை, நான் அடிக்கவில்லை. சிக்கந்தர் பாயின் மனைவி மட்டும் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

பேசி முடித்தால் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது எங்கள் வழக்கம். அனிதா எழுந்தார். அம்மா பொங்கலுக்கு எடுக்கிற ஏலக்காய் எங்கே இருக்கிறது அப்பா என்று கேட்டார். ராஜேந்திரன் டப்பாக்களை ஒருமுறை பார்த்தார். அதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, மேல்தட்டு பாக்கி இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னார். தன்னை வாடிப்பட்டியிலேயே விட்டுவிடும்படி அவர் கெஞ்சவில்லை. அனிதா மேசைக்குப் போய் டப்பாக்களை மூடி, அவர் சொல்லச் சொல்ல அந்த வரிசையிலேயே பையில் அடுக்கினார். அடுக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது, ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கதை வைத்திருந்தார். போகும்போது அனிதா படியில் நின்று என்னிடம் சொல்லிக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போகத்தான் சார் வந்தேன். இப்ப அப்பாவோட வாடிப்பட்டிக்குப் போறேன், ரெண்டு பேருமாத் தேடிப் பாத்துட்டு ஓசூருக்கு நான் மட்டும் போயிக்கிறேன்."

ஆக, நல்ல தலைப்பு எது என்று கேட்கும் என் சக பாவிகளே, ஒருவர் எதைச் சொல்லாமல் தப்பிக்க அதிகம் பாடுபடுகிறாரோ அதுதான் என்று எனக்குப் பட்டாலும், அப்படி வாசல் போர்டில் எழுதி வைத்தால் ஒருவரும் படியேற மாட்டார்கள் என்று சந்திரா மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.